ஆற்றுக்குச் சாவெடுத்த நான்கு நாட்கள்

எங்கள் ஆறு செத்துவிட்டது என்று முதலில் சொன்னவன் ஒரு கழுதைப்புலி. நான் யாரையும் திட்டவில்லை. அவனுடைய தாய்வழிக் குலத்தின் பெயரே அதுதான். நான் ஆட்டுக் குலத்துப் பெண். எங்கள் டோங்கா மக்களில் இந்த இரண்டு குலத்துக்கும் கேலிமுறை. முன்பின் தெரியாதவனாக இருந்தாலும் சரி, மந்திரியாகவே இருந்தாலும் சரி, குலம் தெரிந்த நிமிஷத்திலிருந்து வாய்க்கு வந்தபடி பேசலாம். பேசியே ஆகவேண்டும். அதைக் கேட்டு எவனாவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் ஒரு கோழி தண்டம் கட்ட வேண்டும்.

வெள்ளை ஜீப்பில் வந்து இறங்கியபோது அவன் குலம் எனக்குத் தெரியாது. கழுத்தில் பைனாகுலர் தொங்கியது. கையில் அட்டையில் செருகிய படிவம். அந்த அக்டோபர் வெயிலிலும் சட்டையில் கழுத்துப் பித்தான்வரை போட்டிருந்தான். ஆற்று அலுவலகத்திலிருந்து வருவதாகவும், பெயர் ஹமுசொண்டே என்றும், பறவை எண்ண வந்திருப்பதாகவும் சொன்னான்.

"பறவை எண்ணுறதுக்கெல்லாம் சம்பளமா?" என்று கேட்டேன். "அது கெடக்கட்டும். உங்கம்மா என்ன குலம்?"

"கழுதைப்புலி" என்றான்.

"அதானே பாத்தேன்! காலையிலேர்ந்து எங்கயோ செத்தது நாறுதேன்னு நெனச்சேன்."

அவன் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. பாவம், அலுவலகத்தில் எல்லாரும் சார் சார் என்று சொல்லிச் சொல்லி அவனை உலர்த்தியிருப்பார்கள் போல. "நீ ஆடா? கேக்கவே வேணாம், தாடியே சொல்லுது" என்றான். மீன் உலர்த்திக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

மீன் என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். அது போன வாரம் குட்டையில் கிடைத்த நாலு கெளுத்தி. மேலே அணையில் மதகைத் திறந்தால்தான் எங்கள் நமுலோங்கா ஆற்றில் தண்ணீர் வரும். ஆறு வழிந்து ஏரியை நிரப்பும், ஏரியில் மீன் ஏறும், அதை உலர்த்தி மொன்ஸே சந்தையில் விற்று நான் வயிறு வளர்ப்பேன். இரண்டு வருஷமாக மதகு திறக்கவில்லை. என் மகள் லுயாண்டோ தலைநகர் லுசாக்காவில் ஒற்றை அறையில் நாலு பேருடன் இருக்கிறாள், வந்துவிடு அம்மா என்று வாரம் தவறாமல் போன் செய்கிறாள். இந்த நவம்பரிலும் தண்ணீர் வராவிட்டால் நான் மூட்டை கட்ட வேண்டியதுதான். அந்த அறையில் நான் எந்த மூலையில் படுப்பது என்று நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டும்.

அதனால் அவன் படிவத்தை எட்டிப் பார்த்தேன். "இதுல என்ன எழுதுவ?"

"ஆறு எப்படி இருக்குன்னு எழுதுவேன். தண்ணிப் பறவைங்க எத்தனை வகை வருதோ அத வச்சுத்தான் ஆத்தோட ஒடம்பு நெலம தெரியும். அஞ்சு வகைக்குக் கீழன்னா ஆறு எறந்துடுச்சு. அஞ்சுலேர்ந்து பதினொண்ணுன்னா நோயாளி. பன்னெண்டும் அதுக்கு மேலயும்னா ஆரோக்கியம்."

"இத வச்சுத்தான் மதகத் தொறப்பாங்களா?"

"தண்ணி வேற ஆபீஸ். நான் வெறும் பறவ."

மூன்று மணிநேரம் கரையோரமாக நடந்தான். நானும் கூடவே நடந்தேன். உண்ணிக்கொக்கு இருந்தது, மாடு இருக்கிற இடத்தில் அது இல்லாமலா. ஆள்காட்டி இருந்தது. சுத்தியல்தலைப் பறவை ஒன்று கரை மரத்தில் இருந்தது, அதைப் பார்த்ததும் நான் துப்பிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன், வீட்டுக்கு ஆகாத பறவை அது. கடைசியாக ஒரு சாம்பல் நாரை. நட்டாற்றில், வெறும் மணலில், ஒற்றைக் காலில் நின்று கீழே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு மணிநேரம் அசையவில்லை.

"அது உயிரோடதான் இருக்கா?" என்று ஹமுசொண்டே கேட்டான்.

"நல்லா எழுதிக்க. போன வருஷத்துலேர்ந்து அங்கதான் நிக்குது, மீன் வரும்னு. உன்னவிடப் பொறுமசாலி."

எண்ணிக்கொண்டான். நாலு. படிவத்தில் கடைசிக் கட்டத்தில் டிக் போட்டுவிட்டு, "ஆறு எறந்துடுச்சு" என்றான். ஊர்த்தலைவரின் முத்திரை வேண்டும், அது கிடைத்தால் பொழுது சாய்வதற்குள் அவன் கிளம்பிவிடுவான்.

ஊர்த்தலைவர் மூங்காவிடம் கூட்டிப்போனேன். மூங்கா எதையும் அவசரப்பட்டுச் செய்யாத மனிதர். படிவத்தை முன்னும் பின்னும் திருப்பினார். "யார் செத்தது?"

"ஆறு, தலைவரே."

"சாவுச் சேதி கொண்டாந்தது நீங்க?"

"ஆமா."

"அப்ப அடக்கம் முடியற வரைக்கும் நீங்க கெளம்ப முடியாது. சேதி சொல்லிட்டு நடுவுல ஓடுறவன் மேல பழி வரும். முத்திரை அடக்கத்துக்கு அப்புறம்." சொல்லிவிட்டு மேளக்காரனைக் கூப்பிட ஆள் அனுப்பினார்.

"தலைவரே, இது ஆறு. மனுஷன் இல்ல."

"எழுதினது யாரு தம்பி, நானா நீங்களா? எறந்துடுச்சுன்னு அரசாங்கத் தாள்ல எழுதின மை இன்னும் காயல. அப்புறம் சாவெடுக்காம விட்டா ஊர் என்ன சொல்லும்?"

பொழுது சாய்வதற்குள் அக்கம்பக்கத்து ஆறு ஊர்களின் சனம் பாயும் பானையுமாக வந்து இறங்கிவிட்டது. பெண்கள் தலையில் கைவைத்து ஆற்றங்கரையில் உட்கார்ந்து ஒப்பாரி எடுத்தார்கள். பினா சீலோ, அதாவது சீலோவின் அம்மா, என் எதிர்வீட்டுக்காரி, எவன் சாவிலும் குரலை விட்டுக்கொடுக்காதவள், "என்னைத் தனியா விட்டுட்டுப் போயிட்டியே நமுலோங்கா" என்று மணலில் புரண்டாள். அவள் வீட்டில் ஆழ்குழாய்க் கிணறு இருக்கிறது. ஆற்றில் இறங்கி அவளுக்குப் பத்து வருஷம் ஆகிறது.

சாவு என்றால் மாடு அடிக்க வேண்டும். மாட்டை நெருங்கிய உறவு கொடுக்க வேண்டும். ஆற்றுக்கு நெருங்கிய உறவு யார்? இதில்தான் சண்டை வந்தது. தாய்வழி உறவு மலையில் ஊற்று இருக்கிற ஊர்க்காரர்கள், அவர்களுக்கு ஆள் அனுப்ப இரண்டு நாள் ஆகும். அணைக்கட்டுதான் மருமகன் முறை என்று ஒரு பெரியவர் சொன்னார். "பொண்ணக் கூட்டிட்டுப் போய்ப் பூட்டி வச்சுக்கிட்டான். பரிசம்னு ஒரு கன்னுக்குட்டியாவது குடுத்தானா?" மருமகனை இழுத்துவர வழியில்லை. கடைசியில் எல்லார் பார்வையும் என் பக்கம் திரும்பியது.

"இந்த ஆத்துல அதிகமாத் தின்னது நீதான் பினா லுயாண்டோ" என்றார் மூங்கா.

எனக்கு இருந்தது ஒரே ஒரு பசு. சினை பிடிக்காத கிழட்டுப் பசுதான், ஆனாலும் பசு. வயிறு எரிந்தது. ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை. என் இரண்டு பிள்ளைகளை வளர்த்தது, என் கணவனை அடக்கம் செய்தது, என் வீட்டுத் தகரம், எல்லாம் இந்த ஆற்று மீன். அவிழ்த்துக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு உண்மையாகவே அழுதேன். பினா சீலோவுக்கு அது பிடிக்கவில்லை, குரலை இன்னும் ஏற்றினாள்.

மறுநாள் காலை ஆற்று மணலிலேயே குழி. ஆற்றின் பிணம் என்று என்னத்தைப் புதைப்பது? நட்டாற்று மணலை ஒரு பானையில் அள்ளி வெள்ளைத் துணி சுற்றி வைத்தார்கள். குழி எவ்வளவு நீளம் என்பதுதான் அடுத்த பிரச்சினை. பானையின் அளவுக்குப் போதும் என்றார்கள் சிலர். "ஆறு அளவுக்கு இல்லேன்னாலும் ஆத்துக்கு ஒரு மதிப்பு வேணாமா?" என்றார் மூங்கா. நாற்பது ஆம்பிளைகள் வெட்டினார்கள். ஒருவன் வெட்டியதைவிட அடுத்தவன் நீட்டமாக வெட்ட வேண்டும் என்று போட்டி வந்துவிட்டது. மதியத்தில் பார்த்தால் இரண்டு பஸ் நிறுத்தலாம், அவ்வளவு நீளம், நெஞ்சளவு ஆழம்.

இப்போது வழக்கப்படி கேலிமுறைக்காரன் குழியில் படுத்து அடைத்துக்கொள்ள வேண்டும். எங்களுக்கு இடமில்லாமல் இவனைப் புதைக்கப் போகிறீர்களா, கூலி கொடு, எழுந்திருக்கிறேன் என்று வம்பு செய்ய வேண்டும். துக்கம் கனத்துப் போகாமல் இருப்பதற்காக அது. உறவாக நின்றது ஆடு என்பதால் கழுதைப்புலிதான் வரவேண்டும். ஆறு ஊரிலும் தேடினோம். இருந்தது ஒரே கழுதைப்புலி. அவன் ஜீப் நிழலில் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"நான் அரசாங்க ஊழியன்" என்றான்.

"எறங்குடா கழுதைப்புலி. எலும்பு பொறுக்க ஓடி வருவ, குழின்னதும் நடுங்குதா?"

"ஏ ஆடு, வெலகு. இந்தப் பேண்ட்டு இஸ்திரி போட்டது."

இறங்கினான். முதலில் ஓரமாக உட்கார்ந்தான், பிறகு படுத்தான், பிறகு அவனுக்கே பிடித்துப் போய்விட்டது. "இந்த எடம் எங்க தாத்தாவுது! ஆறுங்க எல்லாம் வெளியே போங்க! ரெண்டு பானை சிபுவாந்து குடுத்தாதான் எழுந்திரிப்பேன்!" என்று கத்தினான். அழுதுகொண்டிருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தப் புளித்த சோளக்கூழைக் கொண்டுவர ஒருத்தி ஓடினாள். அவன் குரல் திடீரென்று மாறியது. "ஏ, ஈரமா இருக்கு. சத்தியமா ஈரமா இருக்கு!"

அவன் முதுகுக்குக் கீழே மணல் கறுத்திருந்தது. அடியில் ஊறிக் கிடந்த தண்ணீர் குழிக்குள் சுரந்தது. சாயங்காலம் கணுக்கால் அளவு. இரவெல்லாம் சுரந்து காலையில் முழங்கால் அளவு. தண்ணீர் நிற்கிற குழியில் யாரையும் அடக்கம் செய்வதில்லை, அது எங்கள் ஊர் விதி. மூங்கா அடக்கத்தைத் தள்ளிவைத்தார், சாப்பாட்டை மட்டும் நிறுத்தவில்லை. என் பசுவின் குடலையும் எலும்பையும் கரையில் கொட்டினார்கள், என்ஷிமாச் சோளக்களி கிண்டிய பானைகளைக் கழுவிய தண்ணீர் குழிக்குள் வழிந்தது.

முதலில் வந்தது வழுக்கைத்தலைப் பெருநாரை. குடலுக்கு வந்தது, ஐந்தாறு பேராக, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்ட மாதிரி நின்றன. ஹமுசொண்டே குவளையைக் கீழே வைத்துவிட்டுப் படிவத்தை எடுத்தான். "அஞ்சு" என்றான். அரிவாள்மூக்கன் வந்தது, ஆறு. குழியோரச் சேற்றில் உள்ளான் ஏழு. சிவந்த நீண்ட கால்களோடு பவளக்காலி வந்து பொத்தென்று குழியில் இறங்கியது, எட்டு. கூட்டம் குலவையிட்டது. துக்க வீட்டில் குலவையிடக் கூடாது, யாருக்கும் நினைவு வரவில்லை.

"எட்டு! ஆறு சாகலை!" என்றான். "நோயாளி! தலைவரே, நான் திருத்தி எழுதிடறேன். முத்திரை போடுங்க."

மூங்கா முத்திரையை எடுத்துவிட்டார். மையைக்கூடத் தொட்டுவிட்டார். நான்தான் தடுத்தேன். இதை மறைக்க மாட்டேன், எல்லோர் முன்னாலும் நான்தான் தடுத்தேன். என் பசுவைக் கொடுத்து, ஊரே கூடி அழுது, கடைசியில் என் ஆற்றுக்கு நோயாளி என்று பெயரா? சந்தையில் நோயாளி மாட்டை எவன் வாங்குவான், நோயாளி ஆற்றுக்கு எவன் தண்ணீர் விடுவான் என்று நினைத்தேன்.

"இன்னும் ரெண்டு நாள்" என்றேன். "பன்னெண்டு வந்துதான் ஆகணும்."

"இருந்தா எழுதுவேன், இல்லாதத எழுத மாட்டேன், சொல்லிட்டேன்" என்றான் அவன்.

"எழுதச் சொல்லி யாரு உன் கால்ல விழுந்தா? கண்ணு இருக்குல்ல, பாரு."

குழியை இன்னும் வெட்டச் சொன்னேன். பினா சீலோவை அவள் கிணற்று மோட்டாரை ஓடவிடச் சொன்னேன். என்னைப் பார்த்து முறைத்தாள், ஆனாலும் ஓடவிட்டாள், அவளுக்கும் அந்தத் துக்கத்தில் ஒரு பங்கு வேண்டுமே. மூன்றாம் நாளான அன்று சாயங்காலமே தவளை கத்தியது. இரண்டு வருஷம் மண்ணுக்குள் எங்கே கிடந்தனவோ. தவளைக்குப் பெருங்கொக்கு, ஒன்பது. குளக்கோழி, பத்து. நான்காம் நாள் விடியலில் கரண்டிவாயன் ஆறேழு பேர் குழியைக் கலக்கித் துழாவினார்கள். நத்தைகுத்தி நாரை வந்தது. ஹமுசொண்டே என் கையைப் பிடித்துக்கொண்டான். பன்னிரண்டு. நாங்கள் மூச்சு விடுவதற்குள் மேலே விசிலடித்தபடி சீழ்க்கைத் தாராக் கூட்டம் ஒன்று சுற்றி வந்து, இறங்கியது. பதின்மூன்று.

அவன் அழுதான். பதினோரு வருஷ வேலையில் இவ்வளவு வகையை ஒரே இடத்தில் பார்த்ததில்லையாம். "சாவு வீடா இது, கல்யாண வீடு" என்று மேளக்காரன் தாளத்தை மாற்றினான். ஹமுசொண்டே பழைய படிவத்தைக் கிழித்தான், புதியதில் ஆரோக்கியம் என்ற முதல் கட்டத்தில் டிக் போட்டான். மூங்கா முத்திரை குத்தினார். பானையில் கட்டியிருந்த மணலை ஆற்றிலேயே கொட்டிவிட்டு, செத்தவர் எழுந்துவிட்டார், எல்லாரும் வீட்டுக்குப் போங்கள் என்று அறிவித்தார். சனம் போயிற்று. மோட்டார் நின்றது. ஐந்தே நாளில் குழி வற்றியது, பறவைகள் கிளம்பிப் போயின. சாம்பல் நாரை மட்டும் நின்றது.

நான் கவலைப்படவில்லை. படிவம் போயாகிவிட்டது. வலையை எடுத்துத் தைத்தேன். லுயாண்டோவிடம், நீ இங்கே வா, மீன் தின்ன வா என்று போனில் சொன்னேன்.

நவம்பர் மூன்றாம் வாரம் வெள்ளை ஜீப் வந்தது. ஹமுசொண்டே இறங்கும்போதே கத்தினான்: "ஏ ஆடு! இன்னும் உன்ன யாரும் அறுக்கலையா?" கையில் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ். இந்த மாகாணத்திலேயே சிறந்த நிலையிலுள்ள ஆறு நமுலோங்கா. தங்க நிறத்தில் எழுத்து. ஊர் கூடிவிட்டது. மூங்கா சட்டத்தைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"மதகு என்னிக்குத் தொறக்கறாங்க?" என்றேன்.

அவன் பையிலிருந்து இன்னொரு கடிதம் எடுத்தான். வாசிக்கும்போது பாதியில் வேகம் குறைந்தது. தண்ணீர் பற்றாக்குறை காரணமாக இந்த ஆண்டு நோயாளி ஆறுகளுக்கு மட்டும் தண்ணீர் விடப்படும். ஆரோக்கியமான ஆறுகளுக்குத் தேவையில்லை. இறந்த ஆறுகளுக்குப் பயனில்லை.

"எட்டுன்னு எழுதியிருந்தா?"

அவன் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "தொறந்திருப்பாங்க. தண்ணி ஆபீஸ் வச்சிருக்கற விதி எனக்குத் தெரியாது ஆடு. சத்தியமாத் தெரியாது."

பாதித் தப்பு அவனுடையது, பாதித் தப்பு என்னுடையது, இரண்டையும் சேர்த்து எவன் தலையிலாவது போட்டு உடைக்க வேண்டும் போல இருந்தது. "நாசமாப் போறவனே! பொணந்தின்னி! உன் கண்ணு அவிஞ்சு போக, உன் பைனாகுலர்ல புழு வைக்க!" என்று கத்தினேன். அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

எல்லோரும் சிரித்தார்கள்.

அவனுக்கும் உயிர் வந்த மாதிரி இருந்தது. "பாரு, ஆடு முட்டுது! கொம்பப் புடிங்கப்பா!" என்றான். நான் இன்னும் கத்தினேன். என் வலையை, என் பசுவை, லுசாக்காவில் எனக்காகக் காத்திருக்கும் மூலையை, எல்லாவற்றையும் சொல்லிக் கத்தினேன். பினா சீலோ கண்ணீர் வரச் சிரித்தாள். நான் எவ்வளவு கேவலமாகத் திட்டினாலும் அது முறைதான், உரிமைதான், அன்புதான். அவனைத் தைக்கிற மாதிரி ஒரு வார்த்தை என் வாயில் இல்லை. நான் நிறுத்திவிட்டேன்.

இடுப்புத் துணியின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வீட்டுக்குள் போய் ஒரு நாற்காலி எடுத்து வந்து போட்டேன்.

"உக்காருங்க" என்றேன். "வெயில்ல வந்திருக்கீங்க. ரொம்ப நன்றிங்க சார்."

சிரிப்பு நின்றது. ஒரு கழுதைப்புலியை நீங்க என்று சொன்ன ஆட்டை எங்கள் ஊர் அதற்கு முன் கண்டதில்லை. ஹமுசொண்டே உட்காரவில்லை.

"ஏன் ஆடு இப்படிப் பேசற?"

"நீங்க உங்க வேலையைத்தானே சார் செஞ்சீங்க."

"வேணாம். அப்படிச் சொல்லாத." அவன் உதடு கோணியது. "நாயேன்னு சொல்லு. திருட்டு நாயேன்னு ஒரு தடவ சொல்லிடு. நான் ஆபீஸ்ல பேசறேன், மறுபடி எண்ணச் சொல்றேன், அடுத்த வருஷம்..."

"சரிங்க சார்."

"அக்கா!"

என்னை அக்கா என்று அவன் அழைத்தது அதுதான் முதல்முறை. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் திட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. ஜீப்புவரை கூட நடந்து போய், கதவைத் திறந்து பிடித்தேன்.

"பாத்துப் போங்க சார்" என்றேன். "ரோடு மோசமா இருக்கு."